தியோத்திரேப்புக்கு ஆள் கேட்ட வியாழக்கிழமை

தென்காசி,
1936 ஜூலை 11, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகன் தேவவரத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உடம்பளவில் சுகம், மனசளவில் இல்லை. நீ இரண்டிலும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் முழங்கால் போடுகிறேன். மற்ற சேதியெல்லாம் பிறகு. வியாழக்கிழமை பெண்கள் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், இங்கே ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கோயில் தாழ்வாரத்தில் இருந்தது ஆறே பேர். நான். உபதேசியார் மனைவி கமலம். தையல்கார செல்லப்பூ. உன் பெரியப்பா ஞானசிகாமணியின் மருமகள் தெபோராள், இடுப்பில் பிள்ளையோடு. நம் வீட்டுப் பின்கட்டில் தங்கியிருக்கிற பேராச்சி. ஆறாவது ஆள் நெசவுக்காரத் தெரு ஹைருன் பீவி. அவள் கூட்டத்துக்கு வந்தவள் இல்லை, செல்லப்பூவிடம் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தவளை மழை பிடித்துக்கொண்டது, தூணோரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். முப்பது பொம்பளைகள் கூடித் தன்னை நாறடித்ததாக உன் பெரியப்பா சந்தைப்பேட்டை வரைக்கும் சொல்லிக்கொண்டு போகிறார், அந்த முப்பது பேரும் வியாழக்கிழமைதோறும் வந்தால் நான் ஏன் பாய் சுருட்டி வைத்துக்கொண்டு ஆள் வராதா என்று வாசலைப் பார்க்கிறேன்.

பேராச்சி யார் என்று கேட்பாய். குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்து சீசன் முன்னாலேயே களைகட்டிவிட்டது. அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய் தேய்க்கிற ஆட்களுக்கு நடுவே நின்று சுவிசேஷப் புஸ்தகம் விற்கிற ஒருவன் வந்திருக்கிறான், அவனுடைய பெண்சாதிதான் இவள். அவன் பேர் குத்தாலிங்கம். கீழப்பாவூர்க்காரன், மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு ஊரில் ஞானஸ்நானம் வாங்கினவன், ஆனால் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. குளிக்க வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. குத்தாலத்துச் சாமியே வந்து யேசு புஸ்தகம் விக்காருடோய் என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் போகிறார்களாம். எந்த சீசனிலும் புஸ்தகம் விற்க வருகிறவர்களை நம் சபையார் வீட்டுக்கு ஒரு வாரமென்று முறை வைத்துத் தங்கவைப்பது உனக்குத் தெரியும், நீ சின்னப் பையனாக இருக்கும்போதே அவர்களோடு பாய் போட்டுப் படுத்தவன்தான். இந்த வருஷம் உன் பெரியப்பா நம் கோயில் தர்மகர்த்தா என்ற முறையில் உத்தரவு போட்டார், சிவன் பேரை வைத்துக்கொண்டு திரிகிறவனை ஒரு வீடும் ஏற்கக்கூடாது, முதலில் சாமுவேல் என்றோ ஆபிரகாம் என்றோ மாற்றிக்கொண்டு வரட்டும் என்று. அவன் கைகட்டி நின்று, எங்க அம்மை கூப்பிட்ட பேருய்யா, கர்த்தரும் அந்தப் பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்பிட்டாரு, இப்ப மாத்துனா அடுத்த தடவ கூப்பிடும்போது நான் திரும்பிப் பாக்காம போயிருவேன் என்றான். அங்கே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் வினை பிடித்தது. பேர் ஒன்றுதான் காரணம் என்று நம்புகிற அளவுக்கு நான் குழந்தை இல்லை. அவன் என்ன ஜாதி என்பதும், பந்தியில் யாருக்குப் பக்கத்தில் உட்காருவான் என்பதும்தான் காரணம், அதை வாய்திறந்து சொன்னால் குருவானவர் காதுக்குப் போகும் என்று பேரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் ஒருவனாக வந்திருந்தால் ஏதாவது சத்திரத்தில் கிடப்பான், ஆம்பிளை. பேராச்சிக்கு இது மாசம். மருத்துவச்சி பார்த்துவிட்டு இந்த மாதம் தாண்டாது என்று சொல்லிவிட்டாள். வேதத்துக்கு வந்ததிலிருந்து அவள் தாய்வீட்டில் கதவு சாத்திவிட்டார்கள், தலைப்பிரசவத்துக்குப் போக ஒரு வாசல் இல்லை. மழையில் நனைந்துகொண்டு உபதேசியார் வீட்டு வாசலில் நின்றவளை நான்தான் கூட்டிவந்து, வைக்கோல் போட்டிருந்த பின்கட்டு அறையைக் கழுவி மெழுகி இருக்கவைத்தேன். உங்க அப்பாவும் சரி என்றுதான் சொன்னார்கள். அப்போது சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். நம் கூட்டத்தில் ரோமர் தொடங்கி வாரம் ஒரு அதிகாரமாக அப்போஸ்தலர் எழுதின நிருபங்களை வரிசையாக வாசித்து வருகிறோம் என்று உனக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறேன். போன வாரம் இரண்டாம் யோவான் முடிந்தது. இரண்டுக்குப் பிறகு மூன்று வரும், அது நான் வைத்த வரிசை இல்லை. உன் பெரியப்பாவைக் குத்துவதற்கென்றே பொறுக்கி எடுத்தேன் என்று சொல்லுகிறார், அவருக்காக நான் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ரோமரில் ஆரம்பித்துக் கணக்குப் போட்டு வந்தேனாக்கும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வேதத்திலுள்ள பேர்கள் நாக்கில் நிற்காது, அதனால் ஒவ்வொரு பேருக்கும் நம் ஊரில் ஒரு ஆளைக் காட்டிவிடுவது என் வழக்கம். விதவைகளுக்குத் துணி தைத்த தொற்காள் என்றால் செல்லப்பூ. இருட்டின பிறகு மட்டும் வந்து சந்தேகம் கேட்ட நிக்கொதேமு என்றால் நம் கிராம முன்சீப். அப்படிச் சொன்னால் சாகும்வரை மறக்க மாட்டார்கள். இந்த நிருபத்தில் மூன்று பேர். வழிப்போக்கரான சகோதரரை வீட்டில் ஏற்றுத் தாங்கின காயு. நல்ல பேர் எடுத்த தேமேத்திரியு. நடுவில் தியோத்திரேப்பு, சபையில் தானே முதல் ஆளாயிருக்க ஆசைப்பட்டு, வந்த சகோதரரைத் தானும் ஏற்காமல், ஏற்கிறவர்களையும் தடுத்து வெளியே தள்ளினவன். காயுவுக்கு நான் செங்கோட்டைச் சாலையில் தண்ணீர்ப்பந்தல் போடுகிற மசூது ராவுத்தரைச் சொன்னேன், ஹைருன் பீவிக்கு முகம் மலர்ந்துவிட்டது, அவளுக்கு அவர் தாய்மாமன். தேமேத்திரியுவுக்கு செல்லப்பூவே குத்தாலிங்கத்தைச் சொன்னாள், பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நடுவில் உள்ளவனுக்கு நான் ஆள் சொல்லவில்லை. தாண்டித்தான் போனேன், கர்த்தர் அறிவார். கமலம்தான் விடவில்லை, நடுவுல ஒருத்தன வுட்டுட்டியளே என்றாள். அவனப்போல ஆளு நம்ம ஊர்ல இல்லட்டி என்றேன். அப்போது தெபோராள் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே, உப்பு விலை சொல்லுகிற மாதிரி, எங்க மாமாதான், வேற யாரு சின்னத்தே என்றாள். ஹைருன் பீவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன்.

தெபோராள் சொன்னாள் என்பதை உன் வாயைத் தாண்ட விடாதே, அவள் அந்த வீட்டில் குடித்தனம் பண்ண வேண்டியவள். யார் சொன்னது என்று உன் பெரியப்பா ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டு நேற்றுச் சாயங்காலம் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். கூட்டம் நடத்துனது நானு, யாரு சொல்லியிருந்தாலும் என் பேருல எழுதிக்கிடுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்காராமலே, சாயபு காயு, லிங்கம் தேமேத்திரியு, நான் மட்டும் பிசாசு, நல்லாத்தான் இருக்கு ஒங்க வேதபாடம் என்றார். அதுகூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதுதான், மகனே, ஈட்டி மாதிரி இறங்கினது. தேவவரம் அம்மா, நீ வாசிச்சது வேதந்தானான்னு மொதல்ல ஒம் மவன்ட்ட கேளு, கிறிஸ்மஸ் லீவுல எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டே சொன்னான்லா, ஆதி சபையில அந்த நிருபத்த எத்தனையோ பேரு ஏத்துக்கிடல, சந்தேகப்பட்டு ஒதுக்கி வச்சிருந்தாவன்னு, கல்கத்தாவுல வேதசாஸ்திரம் படிக்கவன் சொல்லுதான், நீ அத தூக்கிக்கிட்டு என்னையச் சபைக்கு வெளிய நிறுத்துதியா, அதுல இயேசுங்கற பேராவது இருக்கா, எடுத்துக் காட்டு பாப்போம் என்றார். நான் வேதத்தை எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் போனேன். இல்லை. அவருடைய நாமத்தினிமித்தம் என்று ஒரு இடத்தில் இருக்கிறது, யாருடைய நாமம் என்று எழுதவில்லை. உபதேசியார் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் வேலையே அதுதான்.

பிறகு உன் பெரியப்பா குரலைத் தணித்து ஒரு ஏற்பாடு சொன்னார். ஒரு வாரம் கூட்டம் நிற்கட்டும். அதற்கடுத்த வியாழன், இருபத்துமூன்றாம் தேதி, அவரும் கமிட்டிக்காரர்களும் வந்து நிற்கப் பெண்கள் முன்னால் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், இந்த நிருபம் சந்தேகத்துக்குள்ளானது, மற்ற நிருபங்களோடு சமமாக வைத்து இதை ஒருத்தர்மேலும் பொருத்தக்கூடாது என்று. சொல்லிவிட்டால் பேராச்சி பிள்ளை பெற்று எழுந்து நடமாடுகிற வரைக்கும் பின்கட்டில் இருக்கலாம், அவர் கண்டுகொள்ள மாட்டார். சொல்லாவிட்டால் அன்றைக்கே அவளை வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நம் குடும்பத்துக்கு நற்கருணை இல்லை, சபைப் புஸ்தகத்தில் பேரும் இல்லை. அந்த நிருபத்தில் தியோத்திரேப்பு என்ன செய்தானோ அதையே எழுத்துப் பிசகாமல் நாமும் செய்கிறோமே என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றாதா. தோன்றவில்லை. அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. உன் தம்பி பேதியில் போன அன்று, தொற்றிக்கொள்ளும் என்று தெருவே கதவைச் சாத்தினபோது, குழி வெட்டினது இந்த மனுஷன்தான். கோயில் கூரை ஒழுகினால் தன் வீட்டு ஓட்டைப் பிரித்துக் கொண்டுவந்து போடுகிறவர். இவ்வளவும் செய்கிறவருக்கு வாசலில் நிற்கிற ஒருத்தியை உள்ளே விட முடியவில்லை.

உங்க அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார், அந்தப் பள்ளிக் கமிட்டியிலும் முதல் நாற்காலி உன் பெரியப்பாவுக்குத்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே, ஒரு வாக்கியந்தான ஏசுவடியா, அதுவும் ஒம் மவன் சொன்ன வாக்கியம், சொன்னா அந்தப் பிள்ளத்தாச்சிக்கு நெழல் கெடைக்கும், சொல்லிட்டுப் போயேன் என்றார்கள். அதில்தான் மாட்டிக்கொண்டேன். கெட்ட காரியத்துக்காகச் சொல்லச் சொன்னால் ஒரே வார்த்தையில் முடியாது என்றிருப்பேன். பேராச்சிக்குக் கூரை கிடைக்கிறதென்றால் சொல்லத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் சொல்லப்போவது நிஜமா பொய்யா, அதுதான் எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவன் நீ கல்கத்தாவில் உட்கார்ந்திருக்கிறாய்.

உன்மேல் எனக்குள்ள வருத்தத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தேகப்பட்டார்கள் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, அப்படிச் சந்தேகப்பட்டதை எப்படி வேதத்தில் சேர்த்தார்கள் என்று சொல்லத் தெரியாமலா போயிற்று. பாதியைச் சொல்லிவிட்டு இலை போட்டாச்சு என்று எழுந்துபோய்விட்டாய், மீதி பாதி உன் பெரியப்பா காதுக்கு வரவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே நான் அடுப்படியில் வைத்து உன்னிடம் கேட்டேன், அந்தச் சந்தேகம் எப்படிப்பா தீர்ந்துது என்று. அது பெரிய விஷயம் அம்மா, உங்களுக்குப் புரியாது என்றாய். புரியாது என்றால் புரியும்படி சொல்லத்தானே உன்னைப் படிக்க அனுப்பினது. அதே காப்பியின்போது, தேமேத்திரியு என்ற பேரே கிரேக்கருடைய தானிய தேவதையின் பேரிலிருந்து வந்தது, அப்போஸ்தலர் காலத்தில் யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை என்றும் நீ சொன்னாய், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தப் பேச்சு மட்டும் உன் பெரியப்பா காதில் ஏறவில்லை. மனுஷர் தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுவார்கள் என்பதைப் பிரசங்கம் பண்ணப்போகிறவன் நீ முதலில் படித்துக்கொள்ள வேண்டும். சபையார் வீட்டில் பேசுகிற பேச்சு கலாசாலையில் பேசுகிற பேச்சு இல்லை. நீ ரயில் ஏறிப் போய்விடுகிறாய், நீ விட்டுப்போன பேச்சு இங்கேயே குடியிருக்கிறது.

எனக்குத் தோன்றினதையும் எழுதுகிறேன், தப்பாயிருந்தால் திருத்து. அந்த நிருபத்தைப் பலதரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். அதில் உபதேசம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிலுவை இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை. வந்தவர்களை உள்ளே விட்டவன் ஒருவன், விடாதவன் ஒருவன், அவ்வளவுதான் சங்கதி. மீதியை நேரில் வந்து பேசிக்கொள்ளலாம், மையாலும் இறகாலும் எழுத மனசில்லை என்று முடித்துவிடுகிறார். நம் வீட்டுக்கு உன் அத்தை சுரண்டையிலிருந்து போடுகிற கார்டு மாதிரி இருக்கிறது. இவ்வளவு சின்ன, இவ்வளவு வீட்டுச் சண்டையான ஒரு கடுதாசியை எதற்காகப் பத்திரப்படுத்தி, கையால் எழுதி எழுதி, ரோமருக்கும் எபிரெயருக்கும் பக்கத்தில் வைத்தார்கள். பெரியப்பா சொல்லுகிற மாதிரி தவறிப்போய் வந்து ஒட்டிக்கொண்டது என்றால், அத்தனை வருஷத்தில் ஒருவராவது கிழித்துப் போட்டிருக்க மாட்டார்களா. தியோத்திரேப்புக்கும் சொந்தபந்தம் இருந்திருக்கும், எங்க வீட்டுப் பேரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருப்பார்கள். எடுக்கவில்லையே. பெரிய உபதேசமெல்லாம் வைத்துக்கொண்டு வாசல் கதவைச் சாத்திக்கொள்ளுகிறவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள் என்று தெரிந்துதான் வைத்தார்கள் என்று என் புத்திக்குப் படுகிறது. ஆனால் படுகிறது என்று நான் சொன்னால் கமிட்டியில் எடுபடாது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, என் அண்ணன் பாடப் புஸ்தகத்தை எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினவள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

மற்றச் சேதிகள். உன் தங்கை கிருபைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சியை வெறுக்கிறாள், சுட்ட அப்பளம் கேட்கிறாள், அதனால் பிழைத்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள். சிவப்புப் பசு கன்று போட்டது, கிடாரி. பலாப்பழம் இந்த வருஷம் மலையிலிருந்து நிறைய இறங்குகிறது, கொட்டையைச் சுட்டுத் தின்னும்போதெல்லாம் உன் நினைப்புத்தான், தபாலில் அனுப்பினால் வழியிலே பூசணம் பிடிக்கும் என்று அனுப்பவில்லை. நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு சாடி போட்டு வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன். அங்கே குளத்துத் தண்ணீர் என்று எழுதியிருந்தாய், காய்ச்சாமல் குடிக்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா இல்லையா என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறேன், பதில் இல்லை. கண்ணாடி போட வேண்டும் என்று சொன்னாயே, அதைத் தள்ளிப்போடாதே. கல்யாணப் பேச்சைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை, உன் பெரியப்பா கூடி முடிக்க வேண்டிய காரியம் அது, அதை நினைத்தாலும் எனக்குத் தலை வலிக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. இரண்டு கடிதம் எழுது. ஒன்று உன் பெரியப்பாவுக்கு, மரியாதையாக, நான் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், மீதி இதோ என்று, யார் சந்தேகப்பட்டார்கள், எதற்காகச் சந்தேகப்பட்டார்கள், பிறகு எப்போது எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று அவருக்கு விளங்குகிற தமிழில். அவரைத் தியோத்திரேப்பு என்று ஜாடையாகக்கூடக் குத்தாதே, அந்த வேலை ஏற்கெனவே ஆகிவிட்டது. குத்தாலிங்கத்துக்காக வாதாட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன். மற்றொன்று எனக்கு. அதில் இலக்கணப் பேச்சு வேண்டாம், கிரேக்கு வேண்டாம். அந்த வாக்கியத்தை நான் சொன்னால் அது நிஜமா பொய்யா, அதை மட்டும் எழுது. நிஜமாக இன்றைக்கும் சந்தேகம்தான் என்றால் அப்படியே எழுது, என் மனசுக்காக மாற்றாதே. நிஜமானால் பெண்கள் முன்னால் நின்று சொல்லிவிடுவேன், எனக்கு அவமானமில்லை. தந்தி கொடுக்காதே, தந்திக்காரன் சைக்கிள் தெருவில் திரும்பினாலே உங்க அப்பாவுக்கு மார்பு அடைக்கும்.

உன் கடிதம் இருபத்துமூன்றாம் தேதிக்குள் வராவிட்டாலும் வியாழக்கிழமை நிற்காது. வராவிட்டால் நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன், பேராச்சியையும் அனுப்ப மாட்டேன். அவளைப் பின்கட்டிலிருந்து எடுத்து நம் உள்ளறையிலேயே படுக்கவைத்துவிட்டேன், இன்று மத்தியானம் உங்க அப்பா பள்ளிக்கமிட்டிக் காரியமாக வெளியே போயிருந்தபோதுதான், வந்து பார்த்தார்கள், தன் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்கள். உன் பெரியப்பா என்ன செய்கிறாரோ செய்யட்டும், சபைப் புஸ்தகத்தில் பேரை வெட்டினால் வெட்டட்டும், கோயில் படிக்கு வெளியே உட்கார்ந்தாலும் பாட்டுச் சத்தம் கேட்கத்தான் செய்யும். ஆனால் எதற்காக வெளியே உட்கார்ந்திருக்கிறேன், வேதத்துக்காகவா அல்லது என் பிடிவாதத்துக்காகவா என்று தெரியாமல் உட்கார எனக்கு இஷ்டமில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

கர்த்தர் உன் படிப்பையும் உன் வாயையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. அப்பா, கிருபை எல்லாரும் உனக்கு அன்பு சொல்லச் சொன்னார்கள். குத்தாலிங்கம், வாத்தியார் ஐயா பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் என்று சொல்லச் சொன்னான், நீ அவனைப் பார்த்ததில்லை என்றாலும். ராத்திரி ஜெபத்தைத் தூக்கத்தில் விழுங்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏசுவடியாள்

உடனே பதில் எழுது.